ஹார்டர் வீட்டின் ஆணியடித்த கதவு

கனடாவின் வின்னிபெக் நகரத்திலிருந்து பேருந்து ஒன்பதரைக்கு வந்திருக்க வேண்டும். பத்தரை ஆகியும் வரவில்லை. கிர்ஷ்தால் கிராமத்து முனையில், பாப்லார் மரத்தடியில் நின்றபடி யுஸ்தீனா கேலர் கொசு அடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த அட்டையில் அன்றைய நிகழ்ச்சிகளை அவளே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். பத்து மணிக்குக் கல்லறை, பதினொன்றுக்குத் தேவாலயம், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒன்றரைக்கு ஹார்டர் வீடு, நாலுக்குப் புறப்பாடு. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் எழுந்து மணி அடித்ததும் உட்கார்ந்த உடம்பு அவளுடையது. யாராவது தாமதமாக வந்தால் அவளுக்குத் தோள்பட்டையில் வலி வரும்.

கைபேசி அடித்தது. ஊர்ப் பாரம்பரியக் குழுவின் தலைவர் வில்ஹெல்ம் சகரியாஸ்.

"வந்துட்டாங்களா?"

"இல்லண்ணே. நீங்க எங்க இருக்கீங்க?"

"விங்க்ளர்ல. பல்லு புடுங்க வந்திருக்கேன். நேத்து ராத்திரி பூரா உசிரு போச்சு."

"சர்ச் சாவி யார்கிட்ட இருக்கு?"

அந்தப் பக்கம் சாவிக்கொத்து கலகலத்தது.

"என் பையில இருக்கும்மா," என்றார் சகரியாஸ். "மொத்தக் கொத்தும் இங்கதான் இருக்கு. ஹார்டர் வீட்டுச் சாவி மட்டும் சமையல் அகாத்தாகிட்ட குடுத்தேன். சர்ச்ச வெளில இருந்து காட்டிடேன். அழகான கட்டடம் தானே."

"அண்ணே, அது வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச நாலு சுவரு. உள்ள போனாதான் அதுல சொல்ல விஷயம் இருக்கு."

"ஜன்னல் வழியா பாக்கச் சொல்லு. டாக்டர் கூப்பிடறாரு," என்று வைத்துவிட்டார்.

பேருந்து பத்தேமுக்காலுக்கு வந்தது. ஓட்டுநர் இறங்கியதுமே, வழியில் ஒரு பாலத்தை மூடிவிட்டார்கள், சுற்றிக்கொண்டு வந்தேன், ஆனால் தன் வேலை நேரக் கணக்குப்படி நாலு மணிக்குக் கிளம்பியே ஆகவேண்டும், ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் முப்பத்தொரு பேர் இறங்கினார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லோருடைய குடும்பமும் எப்போதோ இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து போனவைதான். அதனால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். வழிகாட்டிக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை.

அதிலும் எட்கர் லோவன் என்று ஒருவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினோரு தலைமுறை வம்சாவளியைத் தடிமனான கோப்பில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சுல ரஷ்யாவுல இருந்து பதினெட்டுக் குடும்பம் வந்து..." என்று யுஸ்தீனா ஆரம்பித்தாள்.

"எழுபத்தாறு," என்றார் லோவன்.

"முதல் கூட்டம் எழுபத்தஞ்சுல வந்துச்சு. ஊர் வகுத்தது எழுபத்தாறுல."

"அப்ப எழுபத்தாறுன்னு தானே சொல்லணும். அப்புறம், பதினெட்டு இல்ல, பத்தொம்பது குடும்பம். ஒரு விதவை தனியா வந்தாங்க. எங்க கொள்ளுப்பாட்டியோட தங்கச்சி."

யுஸ்தீனா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கல்லறையில் அரைமணி நேரம் என்பது ஒருமணி நேரமாயிற்று. தன் குடும்பப் பெயர் கொண்ட கல்லையெல்லாம் லோவன் தேடித் தேடிப் படம் எடுத்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்று, யாருடைய அண்ணன் யாருடைய தங்கையைக் கட்டினான் என்று வாதாடினார்கள். தேவாலயத்து ஜன்னலில் முப்பத்தொரு பேரும் வரிசையாக மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது. "பெஞ்சு தெரியுது," என்றாள் ஒருத்தி, பின்னால் நின்றவர்களுக்காக.

சமுதாயக் கூடத்துக்குச் சாப்பிடப் போனபோது ஒரு மணி. அகாத்தா வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"பன்னண்டுன்னு சொன்ன."

"தெரியும் அகாத்தா."

"வெரனிக்கி சூடா இருந்தாத்தான் வெரனிக்கி. இப்ப எடுத்து எறிஞ்சா மாடு விழுந்துரும். நான் என்ன பண்ணட்டும், ஒவ்வொண்ணா எடுத்து ஊதிட்டு இருக்கவா?"

"கிரீம் குழம்ப சூடு பண்ணி மேல ஊத்திடு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றாள் அகாத்தா.

இருந்தும் எல்லோரும் தயிர்க்கட்டி அடைத்த அந்தக் கொழுக்கட்டையையும் புகைபோட்ட தொத்திறைச்சியையும் இரண்டு தடவை வாங்கித் தின்றார்கள். தின்றதால் நேரம் இன்னும் போயிற்று. ஹார்டர் வீட்டு வாசலுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

இந்த வீட்டுக்காகத்தான் யுஸ்தீனா மூன்று வருஷம் குழுவோடு மல்லுக்கட்டினாள். கிர்ஷ்தாலில் முன்பு எல்லா வீடும் இப்படித்தான்: தெருவைப் பார்த்து வீடு, அதோடு ஒட்டியே பின்னால் மாட்டுக்கொட்டில், ஒரே கூரை. குளிர்காலத்தில் செருப்பு மாற்றாமலே மாட்டுக்குப் போய் வரலாம். மற்றவற்றை இடித்துவிட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். யுஸ்தீனா கையெழுத்து வாங்கி, மனு எழுதி, கூரை மாற்றி, கொட்டில் சுவரோடு ஒட்டியிருந்த பெரிய செங்கல் அடுப்பைத் திரும்பப் பூச வைத்து இதைக் காப்பாற்றியிருந்தாள்.

வீட்டின் கடைசி அறையில், கொட்டிலுக்குப் போகும் கதவின் மேல் வரிசையாக ஏழு பெரிய ஆணித் தலைகள் தெரியும். அங்கே வந்ததும் யுஸ்தீனாவுக்கு உற்சாகம் வந்துவிடும். அவள் சொல்லும் கதைகளில் அதிகம் சிரிப்பு வாங்குவது அதுதான். அவள் அப்பா சொன்ன கதை.

"இந்தக் கதவ ஏன் ஆணி அடிச்சு மூடிட்டாங்க தெரியுமா? யாக்கோப் ஹார்டர்கிட்ட ஒரு காளை இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, பாஸ்டர் சாப்பிட வந்திருக்காரு. எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்றாங்க. காளை கதவ முட்டித் தொறந்துட்டு நேரா சாப்பாட்டு அறைக்கே வந்துருச்சு. பாஸ்டர் 'ஆமென்' சொல்லிக் கண்ணத் தொறந்தா, எதிர்ல காளை. பிளம் கூழ் முழுக்க அது வாயில. மறுநாளே ஹார்டர் ஏழு ஆணி அடிச்சுட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். லோவன்கூடச் சிரித்தார்.

"காளை எதுவும் வரல," என்றது ஒரு குரல். ஆங்கிலத்தில் இல்லை, இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பேசும் தாழ்ஜெர்மனில். யுஸ்தீனா திரும்பிப் பார்த்தாள்.

பின்வரிசையில் ஒரு அம்மாள். அறுபது வயதிருக்கும். காலையிலிருந்து யாரோடும் பேசாமல், சாப்பாட்டிலும் ஓரமாக உட்கார்ந்திருந்தவள். பெயர்ப் பட்டியலில் லீஸ்பெத் மக்லீன், பிரிட்டிஷ் கொலம்பியா என்று இருந்தது. மக்லீன் என்ற பெயரைப் பார்த்து, யாரோ இங்கிலீஷ்காரர் வீட்டு மருமகள், வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் யுஸ்தீனா நினைத்திருந்தாள்.

"ஆணி அடிச்சது எங்க தாத்தா," என்றாள் லீஸ்பெத். "எங்கப்பா டீட்ரிச் சண்டைக்குப் போனாரு. நாப்பத்திமூணுல. துப்பாக்கி தூக்கக்கூடாதுன்னு சபை சொல்லியும் போனாரு. திரும்பி வந்ததும் சபையில இருந்து விலக்கிட்டாங்க. அவரோட ஒரே மேசைல உக்காந்து சாப்பிடக்கூடாது. தாத்தா வீட்ட விட்டுத் தொரத்தல. கொட்டில்ல தானியம் போடற அறைய காலி பண்ணிக் குடுத்துட்டு, இந்தக் கதவ அடிச்சுட்டாரு. அம்மாவும் அப்பாவும் ஏழு வருஷம் அந்தப் பக்கம் இருந்தாங்க. நான் அங்கதான் பொறந்தேன்."

தாழ்ஜெர்மன் தெரியாத இரண்டு மூன்று பேர் பக்கத்திலிருந்தவர்களிடம் கிசுகிசுத்தார்கள். இந்த மாதிரி ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு வருஷமாக ஊர்க் கிழவர்களின் வாயைக் கிண்டிக் கிண்டி அலுத்துப்போயிருந்தாள் யுஸ்தீனா. இப்போது அது தானாக வந்து நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் லோவன் கோப்பைத் திறந்துவிட்டார்.

"எந்த சபை? விலக்கின தேதி ஞாபகம் இருக்கா? டீட்ரிச்சுக்கு அம்மா வழி என்ன குடும்பம்? ஏன்னா எங்க வம்சத்துல ஒரு ஹார்டர்..."

லீஸ்பெத் அவரைப் பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"லோவன் சார், நீங்க கொஞ்சம் வெளில இருங்க," என்றாள் யுஸ்தீனா.

"நான் தகவலுக்காகத்தான் கேட்டேன்."

"தெரியும். தயவுசெஞ்சு வெளில போங்க. எல்லாரும் போங்க. தோட்டத்துல ருபார்ப் கேக்கும் காப்பியும் வெச்சிருக்கு."

கேக் என்றதும் கூட்டம் நகர்ந்தது. லோவன் மட்டும், தான் என்ன தவறாகக் கேட்டுவிட்டோம் என்று வாசற்படிவரை விளக்கிக்கொண்டே போனார்.

யுஸ்தீனா லீஸ்பெத்தின் பக்கத்தில் போய் நின்றாள். "எங்கப்பா சொன்ன கதைங்க அது. நான் நெசம்னு நெனச்சுத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

"உங்கப்பா யாரு?"

"பட்டறை கேலர்."

லீஸ்பெத் முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தாள். "அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆணிய அவருதான் பட்டறைல அடிச்சுக் குடுத்தாரு. ஒடனே குடுக்கலையாம். கரி இல்ல, இரும்பு இல்லன்னு ரெண்டு நாள் இழுத்தாராம். அம்மா சொல்லுவா. அப்புறம் குடுத்துட்டாரு."

அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது காளை மாதிரியே மூச்சுவிட்டுக் காட்டுவார். தங்கைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"மன்னிச்சுடுங்க," என்றாள்.

"நீ என்ன பண்ண, மன்னிக்கறதுக்கு? நான் அதுக்கு வரல. அந்தப் பக்கம் ஒரு தடவ பாக்கணும். அம்மா போன மார்ச்ல தவறிட்டா. அவ இருக்கறவரைக்கும் இங்க காலடி வெக்கமாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன். அந்த அறையப் பாத்துட்டுப் போயிடறேன். அவ்வளவுதான்."

மணி மூன்று இருபது.

கொட்டிலுக்கு வெளியிலிருந்து ஒரு பெரிய கதவு உண்டு. அதில் பித்தளைப் பூட்டு தொங்கியது. யுஸ்தீனா சகரியாஸைக் கூப்பிட்டாள். நாலாவது தடவைதான் எடுத்தார்.

"அண்ணே, கொட்டில் சாவி வேணும். இப்பவே."

"பல்லு புழுங்கிட்டாங்க," என்றார் சகரியாஸ். பாதி வாய் மரத்துப்போயிருந்தது. "கொத்தில் எதுக்கு?"

"டீட்ரிச் ஹார்டர் பொண்ணு வந்திருக்காங்க. அங்க பொறந்தவங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. யுஸ்தீனாவுக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"அதெல்லாம் பழய விழயம். கொத்தில் நிகழ்ச்சில இழ்ழ. உள்ள நாழ்காழி அடுக்கியிருக்கு, டிராக்தர் நிக்குது. யாராவது விழுந்தா இன்ஸூரன்ஸ் குடுக்கமாத்தான்."

"நீங்க எப்ப வருவீங்க?"

"அஞ்சு மணி."

"பஸ் நாலுக்குப் போயிடும்."

"அப்ப என்ன பண்றது," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

யுஸ்தீனா கைபேசியைப் பூச்செடிக்குள் எறியாத குறை. நேரே சமுதாயக் கூடத்துக்கு ஓடினாள். அகாத்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வண்டில ஆணி புடுங்கற கம்பி இருக்குமா?"

"இருக்கு. எதுக்கு?"

"கேக்காத."

அகாத்தா அவள் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கம்பியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

ஆணித் தலைகளை மூன்று தரம் பெயின்ட் மூடியிருந்தது. கடைசித் தரம் யுஸ்தீனாவே நின்று அடிக்க வைத்தது. கம்பியின் நுனியைக் கொடுத்து நெம்பினாள். பெயின்ட் உரிந்தது, பலகை முனகியது, ஆணி அசையவில்லை. அகாத்தாவும் சேர்ந்து தொங்கினாள். முதல் ஆணி, விரல் நீளத்துக்கு, கறுப்பாக, நாலு பட்டையாக வெளியே வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதன் தலை மட்டும் பெயர்ந்து தெறித்து ஜன்னலில் பட்டது. நாலாவதற்கு அவள் உள்ளங்கை கிழிந்தது. லீஸ்பெத் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா," என்றாள் ஒரு தடவை.

"இருங்க," என்றாள் யுஸ்தீனா. அவளுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. ஆணிமேல் கோபமா, சகரியாஸ் மேலா, லோவன் மேலா, காளை மாதிரி மூச்சுவிட்டுக் காட்டிய மனுஷன் மேலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுபடி நெம்பினாள்.

நாலாக எட்டு நிமிஷம் இருக்கும்போது கதவின் மேல்பாதி விட்டுக்கொடுத்தது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, எதிலோ இடித்து நின்றுவிட்டது. யுஸ்தீனா கையை விட்டுத் தடவினாள். மடக்கு நாற்காலிகள். கூரைவரை அடுக்கியிருந்தார்கள். போன வருஷம் அந்த நூறு நாற்காலிகளுக்கு மனுப் போட்டு வாங்கியதும் அவள்தான்.

வெளியே பேருந்து ஹாரன் அடித்தது.

லீஸ்பெத் எழுந்து வந்தாள். இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தாள். நாற்காலிக் கால்களும், எங்கிருந்தோ ஒரு கோடு வெளிச்சமும்தான் தெரிந்திருக்கும். முகத்தை எடுத்துவிட்டு, கையை உள்ளே நீட்டி, அந்தப் பக்கத்துச் சுவரைத் தொட்டாள்.

"இது சூடா இருக்கும்," என்றாள். "இந்தப் பக்கம் அடுப்பு எரிஞ்சா அந்தப் பக்கம் சுவரு சூடாகும். அம்மா என்னைய அதுல சாய்ச்சு உக்கார வெப்பா. தாத்தா அது தெரிஞ்சே விறகு அதிகமாப் போடுவாருன்னு அப்பா சொல்லுவாரு. அம்மா ஒத்துக்கவே மாட்டா."

"நீங்க நம்பறீங்களா?"

"அப்ப எனக்கு நாலு வயசு. எனக்கு என்ன தெரியும்?"

ஹாரன் மறுபடி அடித்தது. யுஸ்தீனா ஓட்டுநரிடம் ஓடிப்போய்ப் பத்து நிமிஷம் கேட்டாள். கேட்டதோடு சரி. வண்டியில் எல்லோரும் ஏறியாயிற்று. ராத்திரி இங்கே தங்குங்கள், சாவி வந்துவிடும், காலையில் நானே வின்னிபெக்கில் கொண்டுவிடுகிறேன் என்று லீஸ்பெத்திடம் கெஞ்சினாள்.

"காலைல ஆறுக்கு விமானம்," என்றாள் லீஸ்பெத். "வேண்டாம்மா. போதும்." படியேறியவள் நின்று, யுஸ்தீனாவின் கிழிந்த கையைப் பார்த்து, கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். பேருந்து போனது. ஜன்னலில் லோவன் கையசைத்தார்.

மறுநாள் காலையிலேயே, வீங்கிய கன்னத்தோடு சகரியாஸ் வந்து கதவைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட யுஸ்தீனாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இது பாதுகாக்கப்பட்ட கட்டடம். நீதான் அப்படி எழுதி வாங்கின," என்றார்.

"காளைன்னு பொய் சொல்லிட்டு எதப் பாதுகாக்கறோம்?"

"யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். அதச் செஞ்சவங்க யாரும் உசிரோட இல்ல. அவங்க பேரப்பசங்க இருக்காங்க, இதே தெருவுல. ஞாயித்துக்கிழமை ஒரே பெஞ்சுல உக்காரணும்."

"லீஸ்பெத்தும் பேத்திதான்."

"அவ இங்க இல்லையேம்மா," என்றார் சகரியாஸ், நிஜமாகவே வருத்தத்தோடு.

குழு கூடியது. ஏழு பேரில் நாலு பேர் கதவைத் திரும்ப அடித்துவிடலாம் என்றார்கள். கதையை மாற்றுவதைப் பற்றி வசந்தகாலத்தில் யோசிக்கலாம் என்றார்கள். கடையில் வாங்கிய புது ஆணிகளை அடித்து, தலைகளைக் கறுப்பாக்கினார்கள். அடுத்த வியாழக்கிழமை வந்த பேருந்துக் கூட்டத்திடம் யுஸ்தீனா அந்த அறையில் காளையைச் சொல்லவில்லை; நடந்ததைச் சொன்னாள். பெயர் எதுவும் சொல்லாமல், ஒரு குடும்பம், ஒரு மகன் என்றாள். சிலர் கேட்டார்கள். சிலர், அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று தலையாட்டினார்கள். ஒருத்தர், படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை, கொஞ்சம் நகருங்கள் என்றார். சகரியாஸ் இரண்டு வாரம் கூடவே வந்து பின்னால் நின்று பார்த்தார். வேறு வழிகாட்டி கிடைக்காததால் ஒன்றும் சொல்லவில்லை.

லீஸ்பெத்துக்கு அவள் மூன்று கடிதம் எழுதினாள். பதில் இல்லை. நவம்பரில், ஊர் பனியில் அமுங்கியபிறகு, பட்டியலில் இருந்த எண்ணைப் பார்த்துத் தானே கூப்பிட்டாள்.

"கடிதமெல்லாம் வந்துச்சு," என்றாள் லீஸ்பெத். "என்ன எழுதறதுன்னு தெரியல. இப்ப என்ன சொல்றீங்க அங்க?"

யுஸ்தீனா சொன்னாள். ஒரு குடும்பம், ஒரு மகன்.

"பேரச் சொல்லலையா?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"எனக்கா? எங்கப்பா பேரு டீட்ரிச் ஹார்டர். அம்மா நெல்லி. அதச் சொல்லு. ஆணி அடிச்சவரு பேரு யாக்கோப். அதையும் சொல்லு. வீட்டுக்கு அவரு பேரத்தானே வெச்சிருக்கீங்க. என் பேரு மட்டும் வேண்டாம்."

"சகரியாஸ் வீட்டம்மா ஹார்டர் வீட்டுப் பொண்ணு," என்றாள் யுஸ்தீனா. "பெரிய சண்டையாகும்."

"தெரியும். எங்க சித்தப்பா பொண்ணு அவ. கிறிஸ்துமஸுக்கு இதுவரைக்கும் ஒரு வாழ்த்து அட்டை கூட போட்டதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்கப்பா ரெண்டு நாள் இழுத்தாருல்ல, அதையும் சேர்த்துக்கோ," என்றாள்.

"அப்புறம் குடுத்துட்டாரே."

"ஆமா. அதையும்தான்."

பேசி முடித்ததும் யுஸ்தீனா சமையலறை மேசையில் தன் வழிகாட்டிக் குறிப்புகளை எடுத்து வைத்து, நாலு பெயர்களையும் பேனாவால் எழுதினாள். கடைசியாகக் கேலர் என்று எழுதும்போது கை தயங்கியது, எழுதிவிட்டாள். மே மாதத்தில் முதல் பேருந்து வரும். அதற்குள் குழுவில் இருக்கும் ஏழு பேர் வீட்டுக்கும் போய், காப்பி குடித்து, ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சண்டை போடவேண்டும். முதலில் யார் வீடு என்று யோசித்தாள். நினைக்கும்போதே தோள்பட்டை வலித்தது. சகரியாஸ் வீட்டிலிருந்தே ஆரம்பிப்பது என்று முடிவுசெய்து, பனிக் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.